குறட்டைக்கும் உங்க சேமிப்புக்கும் என்ன சம்பந்தம்? ஸ்லீப் அப்னியா, இதயத் துடிப்பு, இன்சூரன்ஸ்: முழுக் கணக்கு



ஹெல்த் இன்சூரன்ஸ் பத்தி வீடியோ போட்டா ஒரே மாதிரி கேள்வி ஒண்ணு வந்துக்கிட்டே இருக்கு. "அப்பாவுக்கு தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருது. டாக்டர் ஸ்லீப் டெஸ்ட் எடுக்கச் சொல்றாரு. எடுத்தா ரிப்போர்ட்ல ஏறிடும், அப்புறம் பாலிசி கிடைக்காது. அதனால முதல்ல பாலிசியைப் போட்டுட்டு, டெஸ்ட்டைப் பிறகு எடுத்துக்கலாமா?" சிலர் அப்பாவுக்காகக் கேட்கிறாங்க. சிலர் தங்களுக்காகவே கேட்கிறாங்க, 28, 30 வயசுல.

சுருக்கமான பதில்: டெஸ்ட்டைத் தள்ளிப் போடாதீங்க. பாலிசிக்காகத் தள்ளிப் போடுறதுல நீங்க நினைக்கிற லாபம் கிடைக்காது. போகிற நஷ்டம் மட்டும் நிஜம். ஏன்னு புரியணும்னா குறட்டை, மூச்சுத்தடை, இதயத் துடிப்பு இந்த மூணுக்கும் உள்ள தொடர்பு முதல்ல தெரியணும். அதனால இந்தப் பதிவுல முதல் பாதி உடம்புக் கணக்கு, ரெண்டாவது பாதி பணக் கணக்கு.

ஒரு விஷயம் முன்னாடியே சொல்லிடறேன். நான் சி.ஏ., டாக்டர் இல்லை. மருத்துவப் பகுதியில சொல்றதெல்லாம் வெளியான ஆய்வுகள்ல இருக்கிறது. உங்களுக்கு என்ன செய்யணும்னு சொல்ல வேண்டியது உங்க டாக்டர்தான்.

1. இந்தியாவே கேள்விப்பட்ட ஒரு மரணம்

பப்பி லஹிரி ஞாபகம் இருக்கா? 'டிஸ்கோ டான்ஸர்' படத்துக்கு இசையமைச்சவர், கழுத்து நிறைய தங்கச் சங்கிலி போட்டிருப்பார். 2022 பிப்ரவரி 15-ம் தேதி இரவு மும்பையில இறந்தார். வயசு 69. சிகிச்சை கொடுத்த மருத்துவமனை டாக்டர் பத்திரிகைகளிடம் சொன்ன காரணம், 'அப்ஸ்ட்ரக்டிவ் ஸ்லீப் அப்னியா'. அவருக்கு வேற உடல்நலப் பிரச்சினைகளும் இருந்தது. ஆனாலும் "தூக்கத்துல மூச்சு அடைக்கிற நோயால ஒருத்தர் இறக்க முடியுமா?"ன்னு பலர் யோசிச்சது அப்போதான்.

இது பிரபலங்களுக்கு மட்டும் வர்ற நோய் கிடையாது. டெல்லி எய்ம்ஸ் டாக்டர்கள் இந்தியாவுல நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்து 2023-ல ஒரு கணக்கு வெளியிட்டாங்க. பெரியவங்கள்ல ஏறக்குறைய 11 சதவீதம் பேருக்கு இது இருக்கு. ஆண்கள்ல 13 சதவீதம், பெண்கள்ல 5 சதவீதம். வேலைக்குப் போகிற வயசுல இருக்கிறவங்கள்ல சுமார் 10.4 கோடி பேர்.

இதை நம்ம ஊர் அளவுக்குச் சுருக்கிப் பாருங்க. சூலக்கரையில 100 பேர் வேலை பார்க்கிற ஒரு கம்பெனி இருக்குன்னு வச்சுக்குவோம். அந்தச் சதவீதம் அப்படியே பொருந்தினா, அங்கே 11 பேர் ராத்திரி மூச்சு விட்டு விட்டு வாங்குறாங்க. அந்த 11 பேர்ல ரிப்போர்ட் கையில வச்சிருக்கிறவங்க எத்தனை பேர்? உங்களுக்குத் தெரிஞ்சவங்கள்ல எண்ணிப் பாருங்க. பதில் கிடைச்சுடும்.

2. ராத்திரி என்ன நடக்குது?

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளரும். எல்லாருக்கும் தளரும். சிலருக்கு அது அளவுக்கு மீறித் தளர்ந்து, நாக்கும் உள்நாக்குப் பகுதியும் பின்னால சரிஞ்சு, காத்துப் போற வழியையே மூடிடும். வழி பாதி மூடினா காத்து அதிர்ந்து போகும், அதுதான் குறட்டை. முழுசா மூடினா சத்தமே இருக்காது. பக்கத்துல படுத்திருக்கிறவங்க "குறட்டை நின்னுடுச்சு, அப்பாடா"ன்னு நினைக்கிற அந்த அமைதிதான் உண்மையில ஆபத்தான நேரம்.

மூச்சு 10 வினாடியோ அதுக்கு மேலயோ நின்னா அதை ஒரு 'அப்னியா'ன்னு எண்ணுவாங்க. ரத்தத்துல ஆக்சிஜன் இறங்கும். மூளை பயந்துபோய் ஒரு தட்டு தட்டி எழுப்பும். ஒரு பெரிய திணறல், ஒரு புரளல், மறுபடி தூக்கம். காலையில அவருக்கு எதுவுமே ஞாபகம் இருக்காது.

ஒரு மணி நேரத்துக்கு எத்தனை தடவை மூச்சு நிக்குது அல்லது வெகுவா குறையுதுங்கிறதை வச்சுத் தீவிரத்தைப் பிரிக்கிறாங்க:

- 5-க்குக் கீழ: இயல்பு
- 5 முதல் 15 வரை: லேசானது
- 15 முதல் 30 வரை: நடுத்தரம்
- 30-க்கு மேல: தீவிரம்

30-ன்னா ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை. ஏழு மணி நேரத் தூக்கத்துல 210 தடவை. 210 தடவை அலாரம் அடிச்சு எழுப்பினா மறுநாள் ஆபீஸ்ல எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அதனாலதான் இவங்க எட்டு மணி நேரம் தூங்கியும் மீட்டிங்ல கொட்டாவி விடுறாங்க.

3. இதுல இதயம் எங்கே வருது?

இதயத்துக்கு ஒரு மின்சார வயரிங் இருக்கு. மேல் அறையில ஒரு இடத்துல இருந்து சிக்னல் கிளம்பி, வரிசையா கீழே இறங்கி, லப்-டப்னு ஒழுங்கா துடிக்க வைக்கும். ஸ்லீப் அப்னியா அந்த வயரிங்கை மூணு பக்கம் இருந்து தாக்குது.

முதலாவது, ஆக்சிஜன் ஏறி இறங்குறது. ராத்திரி முழுக்க கரண்ட் போயிப் போயி வந்தா வீட்டு ஃப்ரிட்ஜ் என்ன ஆகும்? இதயத் தசையும் அப்படித்தான்.

ரெண்டாவது, அழுத்தம். தொண்டை மூடியிருக்கும்போதும் நெஞ்சு காத்தை உள்ளே இழுக்க முயற்சி பண்ணும். ஸ்ட்ராவோட நுனியை விரலால அடைச்சுக்கிட்டு உறிஞ்சிப் பாருங்க, ஸ்ட்ரா உள்ளே ஒடுங்கும். அந்த இழுவிசை நெஞ்சுக்குள்ள இருக்கிற இதயத்தையும் இழுக்கும். மெல்லிய சுவர் கொண்ட மேல் அறைகள் இழுபட்டு இழுபட்டு, வருஷக்கணக்குல விரிஞ்சு, தழும்பு விழும்.

மூணாவது, அவசர ஹார்மோன். ஒவ்வொரு தடவையும் மூளை எழுப்பும்போது அட்ரினலின் பாயும், நாடி எகிறும், ரத்த அழுத்தம் ஏறும். ஓய்வு எடுக்க வேண்டிய நேரத்துல இதயம் ஓவர்டைம் பார்க்குது.

இந்த மூணும் சேர்ந்தா வர்ற முக்கியமான பிரச்சினை 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்'. மேல் அறைகள் ஒழுங்கா சுருங்காம புழு நெளியிற மாதிரி நடுங்கும். நாடி தாறுமாறா ஓடும். ரத்தம் அங்கேயே தேங்கிக் கட்டியாகலாம். அந்தக் கட்டி கிளம்பி மூளைக்குப் போனா பக்கவாதம். அமெரிக்காவுல ஃபிராமிங்ஹாம்ங்கிற ஊர்ல பல பத்தாண்டுகளா நடக்கிற ஆய்வு, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருக்கிறவங்களுக்குப் பக்கவாத அபாயம் ஏறக்குறைய 5 மடங்குன்னு காட்டுச்சு.

சரி, ஸ்லீப் அப்னியாவோட இதுக்குத் தொடர்பு இருக்குன்னு எப்படித் தெரியும்? மூணு ஆய்வு போதும்:

- 1983-ல அமெரிக்காவுல ஸ்லீப் அப்னியா உள்ள 400 பேருக்கு ராத்திரி முழுக்க இசிஜி பதிவு பண்ணாங்க. கிட்டத்தட்ட பாதிப் பேருக்குத் துடிப்புல கோளாறு தெரிஞ்சது.
- 2006-ல 'ஸ்லீப் ஹார்ட் ஹெல்த்' ஆய்வு. தீவிர மூச்சுத்தடை உள்ளவங்களுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருக்கும் வாய்ப்பு, அது இல்லாதவங்களை விட சுமார் 4 மடங்கு. வயசு, எடை மாதிரி விஷயங்களைக் கழிச்ச பிறகு வந்த கணக்கு இது.
- 2005-ல அமெரிக்காவின் மின்னசோட்டாவுல, முன்னாடி ஸ்லீப் டெஸ்ட் எடுத்திருந்து பிறகு திடீர் இதய மரணம் அடைஞ்ச 112 பேரோட விவரத்தைப் பார்த்தாங்க. ஸ்லீப் அப்னியா இருந்தவங்கள்ல 46 சதவீதம் பேர் நள்ளிரவுக்கும் காலை 6 மணிக்கும் நடுவுல இறந்திருந்தாங்க. அது இல்லாதவங்கள்ல 21 சதவீதம்தான்.

மூணாவது எண்ணைக் கொஞ்சம் கவனிங்க. பொதுவா இதயம் அதிகம் ஓய்வெடுக்கிற நேரமே ராத்திரிதான். மூச்சுத்தடை உள்ளவங்களுக்கு அந்த நேரமே ஆபத்தான நேரமா மாறிடுது.

4. சிகிச்சை எடுத்தா சரியாகுமா?

முக்கியமான சிகிச்சை சிபாப் மெஷின். ஆஸ்திரேலியாவுல சிட்னியைச் சேர்ந்த டாக்டர் காலின் சல்லிவன் 1981-ல அறிமுகப்படுத்தினது. ஒரு சின்னப் பெட்டி, ஒரு குழாய், ஒரு மாஸ்க். லேசான காத்தழுத்தம் கொடுத்து தொண்டை மூடாம தாங்கிப் பிடிக்கும்.

இங்கே ரெண்டு பக்கமும் சொல்லணும். 2003-ல வந்த ஒரு ஆய்வு: ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனை மின்அதிர்ச்சி கொடுத்துச் சரி பண்ணினவங்கள்ல, ஸ்லீப் அப்னியாவுக்குச் சிகிச்சை எடுக்காதவங்களுக்கு ஒரு வருஷத்துக்குள்ள 82 சதவீதம் பேருக்குப் பிரச்சினை திரும்பி வந்துச்சு. எடுத்தவங்கள்ல 42 சதவீதம். ஆனா அது சின்ன ஆய்வு. 2016-ல 2,700-க்கும் மேற்பட்டவங்களை வச்சு நடந்த பெரிய பரிசோதனையில, மெஷின் கொடுத்ததால மட்டும் மாரடைப்பு, பக்கவாதம் எல்லாம் குறையலை. அந்தப் பரிசோதனையில இருந்தவங்க மெஷினைப் போட்டுக்கிட்டது ராத்திரிக்கு சராசரி 3.3 மணி நேரம்தான். பகல் தூக்கக் கலக்கம், மனநிலை இதெல்லாம் நல்லா முன்னேறுச்சு.

இதுல இருந்து நான் எடுத்துக்கிற பாடம், ஜிம் மெம்பர்ஷிப் பாடம்தான். வாங்கினா போதாது, போட்டுக்கணும்.

எடையும் பெரிய விஷயம். 2000-ல வந்த ஆய்வுப்படி, உடல் எடையில 10 சதவீதம் குறைஞ்சா மூச்சு நிக்கிற எண்ணிக்கை சுமார் 26 சதவீதம் குறையும். 80 கிலோ இருக்கிறவருக்கு அது 8 கிலோ. விருதுநகர்ல இருந்துக்கிட்டு பொரிச்ச பரோட்டாவை விடச் சொல்ல எனக்கு வாய் வராது. ராத்திரி பதினோரு மணிக்குச் சாப்பிட்டு உடனே படுக்க வேண்டாம்னு மட்டும் சொல்றேன். படுக்கிறதுக்கு முன்னாடி மது, டாக்டர் சொல்லாத தூக்க மாத்திரை ரெண்டும் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும். மல்லாக்கப் படுக்கிறதை விட ஒருக்களிச்சுப் படுக்கிறது பலருக்கு நல்லது.

5. உங்களுக்கோ அப்பாவுக்கோ இருக்கா? எட்டு கேள்வி

டொராண்டோவைச் சேர்ந்த டாக்டர் ஃபிரான்சஸ் சங் குழு 2008-ல வெளியிட்ட 'ஸ்டாப்-பேங்' கேள்விகள் உலகம் முழுக்கப் பயன்படுது. ஆமான்னா ஒரு மார்க்:

1. மூடின கதவுக்கு வெளியே கேட்கிற அளவு குறட்டையா?
2. பகல்ல அடிக்கடி சோர்வா, தூக்கமா இருக்கா?
3. தூக்கத்துல மூச்சு நிக்கிறதை யாராவது பார்த்திருக்காங்களா?
4. ரத்த அழுத்தம் இருக்கா, அதுக்கு மாத்திரை எடுக்குறீங்களா?
5. பி.எம்.ஐ 35-க்கு மேலயா?
6. வயசு 50-க்கு மேலயா?
7. கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.க்கு மேலயா?
8. ஆணா?

0 முதல் 2 வரை அபாயம் குறைவு. 3, 4 நடுத்தரம். 5-ம் அதுக்கு மேலயும் அதிகம். இது வடிகட்டி மட்டும்தான். டெஸ்ட்தான் முடிவு சொல்லும். குறட்டை விடுற எல்லாருக்கும் ஸ்லீப் அப்னியா கிடையாது. ஒல்லியா இருக்கிறவங்களுக்கும் வரலாம், முகவாய் அமைப்பு காரணமா. பெண்களுக்குப் பெரிய குறட்டை இல்லாம காலைத் தலைவலி, தூக்கம் பிடிக்காம இருக்கிறது, ஓயாத அசதின்னு வரலாம். அதை "வீட்டு வேலை அலுப்பு"ன்னு நாமளே முடிவு பண்ணிடறோம்.

நம்ம பகுதிக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கு. தீபாவளிக்கு முன்னாடி பட்டாசு லோடு, வருஷக் கடைசியில சிவகாசி பிரஸ்கள்ல காலண்டர் வேலைன்னு ராத்திரி பகல் பார்க்காம ஓடுற சீசன் உண்டு. அந்தச் சமயத்துல வர்ற அசதியையும் இந்த அசதியையும் பிரிச்சுப் பார்க்கிறது கஷ்டம். ஒரு வழி இருக்கு. சீசன் முடிஞ்சு ரெண்டு வாரம் நல்லா தூங்கின பிறகும் அசதி போகலைன்னா அது வேலை அலுப்பு மட்டும் இல்லை.

படபடப்பு, நாடி தாறுமாறா ஓடுறது, ராத்திரி திணறி எழுந்திரிக்கிறது இருந்தா டாக்டர்கிட்ட அதையும் சேர்த்துச் சொல்லுங்க, இசிஜி எடுப்பாங்க. மயக்கம், நெஞ்சு வலி, முகமோ கையோ ஒரு பக்கம் இழுக்கிறது இருந்தா எந்தக் கணக்கும் பார்க்காம 108.

6. இப்போ பணக் கணக்கு

*டெஸ்ட் செலவு.* ஸ்லீப் டெஸ்ட் ரெண்டு வகை. வீட்டுலயே ஒரு சின்னக் கருவியைக் கட்டிக்கிட்டுத் தூங்குறது ஒண்ணு. லேப்ல ஒரு ராத்திரி தங்குறது இன்னொண்ணு. ரெண்டுல எது வேணும்னு நுரையீரல் டாக்டரோ காது மூக்கு தொண்டை டாக்டரோ சொல்வாங்க. முதல் கட்ட ஆலோசனைக்கு விருதுநகர்லயே 2022 ஜனவரியில திறந்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கு. டெஸ்ட்டுக்கு மதுரை வரைக்கும் போக வேண்டி வரலாம்.

இங்கே ஒரு பொறி. "ஒரு ராத்திரி அட்மிட் ஆனா இன்சூரன்ஸ்ல க்ளெய்ம் பண்ணிக்கலாம்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க. டெஸ்ட் எடுக்கிறதுக்காக மட்டுமே அட்மிட் ஆனா பணம் கிடையாதுன்னு ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த பொது விலக்குகள்லயே இருக்கு. பாலிசியில விலக்கு எண் 04-ஐத் தேடிப் பாருங்க. புறநோயாளி செலவுக்குத் தனிப் பலன் இருந்தாத்தான் வாய்ப்பு. இல்லைன்னா கைக்காசுதான்.

*மெஷின் செலவு.* வீட்டுல வச்சுப் பயன்படுத்துற சிபாப் மெஷினுக்குப் பெரும்பாலான பாலிசிகள் பணம் தராது. ஒரு கணக்குக்காக மெஷின் ரூ.45,000, மாஸ்க், ஃபில்டர் மாத்த வருஷத்துக்கு ரூ.5,000-ன்னு வச்சுக்குவோம். விலை மாடலைப் பொறுத்து மாறும். 5 வருஷத்துக்கு மொத்தம் ரூ.70,000. 1,825 ராத்திரியால வகுத்தா ஒரு ராத்திரிக்கு ரூ.38 சொச்சம். ரெண்டு டீ, ரெண்டு வடை. வாங்குறதுக்கு முன்னாடி ஒரு மாசம் வாடகைக்கு எடுத்துப் பாருங்க. மாஸ்க் ஒத்துக்கலைன்னா ரூ.45,000 அலமாரியில தூங்கும்.

எதிர்ப்பக்கம் என்ன? மாசம் ரூ.30,000 சம்பளம் வாங்குற ஒருத்தர் பக்கவாதத்தால மூணு மாசம் சம்பளம் இல்லாம படுத்தா, மருத்துவச் செலவைச் சேர்க்காமலே ரூ.90,000 போச்சு. மெஷினோட 5 வருஷச் செலவை விட அதிகம்.

*வரிச் சலுகை.* "80டி-யில கழிச்சுக்கலாமா?" புது வரி முறையில இருந்தா எதுவும் கிடையாது. 2025-26 நிதியாண்டுல இருந்து வருஷம் ரூ.12.75 லட்சம் வரைக்கும் சம்பளம் மட்டுமே வருமானமா இருக்கிறவங்களுக்குப் புது முறையில வரியே வராது. அதனால உங்கள்ல பலருக்கு இந்தக் கேள்வியே தேவையில்லை. பழைய முறையில இருக்கீங்கன்னா, 60 வயசு தாண்டின அப்பா அம்மாவுக்கு ஹெல்த் பாலிசியே இல்லாத பட்சத்துல அவங்க மருத்துவச் செலவு ரூ.50,000 வரைக்கும் கழிக்கலாம். ரொக்கமா கொடுத்தா செல்லாது. டாக்டர் சீட்டு, பில் ரெண்டையும் பத்திரமா வைங்க. உங்களுக்கு நீங்களே வாங்குற மெஷினுக்கு 80டி கிடையாது. குறிப்பிட்ட நோய்களுக்கான 80டிடிபி பட்டியல்லயும் ஸ்லீப் அப்னியா இல்லை.

*இ.எஸ்.ஐ.* சம்பளம் மாசம் ரூ.21,000 வரைக்கும் இருந்தா நீங்க இ.எஸ்.ஐ. வரம்புக்குள்ள. உங்க பங்கு 0.75 சதவீதம். ரூ.20,000 சம்பளத்துக்கு ரூ.150. இதுல முன்பே இருந்த நோய்னு காத்திருப்புக் காலம் கிடையாது. உங்களை நம்பி இருக்கிற அப்பா அம்மாவும் வருமான வரம்புக்கு உட்பட்டு இதுல வருவாங்க. சிவகாசியிலயே இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கு. சம்பளத்துல பிடிக்கிறாங்க, ஆனா கார்டை ஒரு தடவை கூட எடுத்துக் காட்டாதவங்க எத்தனையோ பேர்.

*கம்பெனி குரூப் பாலிசி.* பெரும்பாலான குரூப் பாலிசிகள்ல முன்பே இருந்த நோய்க்கு முதல் நாள்ல இருந்தே கவர் உண்டு. உங்க எச்.ஆர்.கிட்ட ரெண்டே கேள்வி: "முன்பே இருந்த நோய் முதல் நாள்ல இருந்து கவராகுதா? அப்பா அம்மாவைச் சேர்க்கலாமா?" பதிலை மெயில்ல வாங்குங்க.

*தனிப் பாலிசி.* முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலம் 2024 ஏப்ரல்ல இருந்து அதிகபட்சம் 36 மாசம். முன்னாடி 48. தொடர்ந்து 60 மாசம் பிரீமியம் கட்டின பிறகு, மோசடியை நிரூபிச்சாலே தவிர, "முன்னாடி சொல்லலை"ன்னு க்ளெய்மை மறுக்க முடியாது. 2025 செப்டம்பர் 22-ல இருந்து தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை.

அதிகம் பேருக்குத் தெரியாத ஒண்ணு: எடைக் குறைப்பு அறுவை சிகிச்சையைப் பொதுவா பாலிசிகள் கவர் பண்ணாது. ஆனா பி.எம்.ஐ 40-ம் அதுக்கு மேலயும் இருந்தாலோ, 35-க்கு மேல இருந்து கூடவே தீவிர ஸ்லீப் அப்னியா மாதிரி கடுமையான நோய் இருந்தாலோ, நிபந்தனைகளோட கவர் உண்டு. அதாவது அந்த டெஸ்ட் ரிப்போர்ட்டே உங்களுக்கு ஆதாரமாகலாம்.

7. முதல் கேள்விக்கு வருவோம்: பாலிசி போட்டுட்டு டெஸ்ட் எடுக்கலாமா?

நிறைய பேர் நினைக்கிறது என்னன்னா, ரிப்போர்ட் வந்தாத்தான் அது 'முன்பே இருந்த நோய்'. விதி அப்படி இல்லை. பாலிசி தொடங்குறதுக்கு முந்தின 36 மாசத்துல டாக்டர் நோயைக் கண்டுபிடிச்சிருந்தாலும் சேரும். சிகிச்சையோ மருத்துவ ஆலோசனையோ கொடுத்திருந்தாலும் சேரும். டாக்டர் சீட்டுல "ஸ்லீப் ஸ்டடி எடுக்கவும்"னு எழுதின அன்னைக்கே நிறுவனம் வாதாட ஒரு காகிதம் பிறந்தாச்சு. டெஸ்ட்டைத் தள்ளிப் போட்டு அந்தக் காகிதத்தை மறைக்க முடியாது. பின்னாடி ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனோட அட்மிட் ஆகும்போது ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்ல "மூணு வருஷமா குறட்டை, மூச்சுத்தடை"ன்னு உங்க வாயாலேயே சொல்லி எழுத வைப்பீங்க. க்ளெய்ம் மறுக்கிறவங்க முதல்ல படிக்கிறது அந்தப் பக்கத்தைத்தான்.

அதனால உங்க நிலைமைக்கு ஏத்த மாதிரி:

எந்த அறிகுறியும் இல்லை, வயசு 25 முதல் 35. ஹெல்த் பாலிசி, டேர்ம் பாலிசி ரெண்டையும் இப்பவே எடுங்க. இந்த வயசோட லாபமே இதுதான்.

வீட்டுல குறட்டைன்னு சொல்றாங்க, டாக்டரை இன்னும் பார்க்கலை. டாக்டரைப் பாருங்க. இதுக்கு நடுவுல பாலிசி விண்ணப்பம் போட்டா, படிவத்துல அறிகுறி பத்திக் கேட்கிற கேள்விக்கு உள்ளதை எழுதுங்க. ஏஜென்ட் "எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டுக்கலாம்"னு சொன்னா, கையெழுத்து உங்களோடதுங்கிறதை ஞாபகம் வச்சுக்குங்க.

டாக்டர் டெஸ்ட் எடுக்கச் சொல்லிட்டார். எடுங்க. ரிப்போர்ட்டோட விண்ணப்பம் போடுங்க. பிரீமியம் கூடலாம், 36 மாசம் காத்திருக்க வேண்டி வரலாம். ஒரு நிறுவனம் மறுத்தா இன்னொண்ணுல கேளுங்க. அந்த இடைவெளிக்கு குரூப் பாலிசி அல்லது இ.எஸ்.ஐ. ரெண்டுமே இல்லைன்னா மருத்துவத்துக்குன்னு தனி எமர்ஜென்சி ஃபண்ட் ஆரம்பிங்க. அந்த 36 மாசம் இன்னைக்கு விண்ணப்பம் போட்டா இன்னைக்கே ஓட ஆரம்பிக்கும். அடுத்த வருஷம் போட்டா அடுத்த வருஷம்தான்.

ஏற்கெனவே பாலிசி இருக்கு, இப்போ புதுசா கண்டுபிடிச்சிருக்கு. பயப்பட வேண்டாம். பாலிசி எடுத்தப்போ உண்மையா எழுதியிருந்தா இது முன்பே இருந்த நோயில சேராது. பாலிசியை மட்டும் எக்காரணம் கொண்டும் லேப்ஸ் ஆக விடாதீங்க.

டேர்ம் பாலிசிக்கும் இதே நியாயம்தான். இன்சூரன்ஸ் சட்டம் 45-வது பிரிவுப்படி 3 வருஷம் ஆன பிறகு பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது. அந்த 3 வருஷத்துக்குள்ள ஏதாவது நடந்தா, மறைச்ச விஷயத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்க இல்லை, உங்க மனைவியும் அம்மாவும். ஸ்லீப் அப்னியாவை மறைக்கிறதை விட, "இருக்கு, மெஷின் தினமும் போடுறேன், இதோ பதிவு"ன்னு காட்டுறது நல்ல நிலைமை. இப்போ வர்ற பல மெஷின்கள்ல எத்தனை மணி நேரம் போட்டீங்கங்கிற கணக்கு பதிவாகும். அதை மாசாமாசம் எடுத்து வைங்க.

8. இந்த வாரம் செய்ய வேண்டியது

1. இன்னைக்கு ராத்திரி வீட்டுல யாரையாவது அப்பாவோட தூக்கத்தை 20 நிமிஷம் கவனிக்கச் சொல்லுங்க. தனி ரூம்ல இருக்கிற பேச்சலர்னா போன்ல குறட்டையைப் பதிவு பண்ணுங்க. சத்தம் நின்னு, பிறகு திணறலோட திரும்ப ஆரம்பிக்குதான்னு கேளுங்க.
2. எட்டு கேள்விக்கு மார்க் போடுங்க. 3-ம் அதுக்கு மேலயும் வந்தா டாக்டர் அப்பாயின்ட்மென்ட்.
3. ஒரு இஞ்ச் டேப் எடுத்துக் கழுத்தை அளங்க. பி.பி. பார்த்து ரொம்ப நாளாச்சுன்னா அதையும் பாருங்க.
4. எச்.ஆர்.க்கு அந்த ரெண்டு கேள்வியை மெயில் பண்ணுங்க.
5. உங்க பாலிசியில விலக்கு எண் 04, 06 ரெண்டையும், முன்பே இருந்த நோய்ப் பகுதியையும் படிங்க. பத்து நிமிஷ வேலை.
6. பகல்ல தூக்கம் சொக்குதுன்னா டெஸ்ட் முடியிற வரைக்கும் மதுரை நாலுவழிச் சாலையில ராத்திரி தனியா வண்டி ஓட்டாதீங்க. ஸ்லீப் அப்னியா உள்ளவங்களுக்கு விபத்து அபாயம் ரெண்டு மடங்குக்கும் மேலன்னு ஆய்வுகள் சொல்லுது.

எஸ்.ஐ.பி. தேதி தவறினா பதறுற தலைமுறை நாம. முப்பது வருஷம் கழிச்சு அந்தக் கார்ப்பஸ் எவ்வளவா வளரும்னு எக்ஸெல் ஷீட்ல போட்டுப் பார்க்கிறோம். அந்த ஷீட்ல எல்லா வரியிலயும் நாம சொல்லாமலே வச்சிருக்கிற ஒரு அனுமானம், அந்த முப்பது வருஷமும் நாம இருப்போம், சம்பாதிப்போம்ங்கிறது. ஒரு ராத்திரி டெஸ்ட் அந்த அனுமானத்தைச் சரிபார்க்கிற ஆடிட். ஆடிட் ரிப்போர்ட் நல்லா வந்தாலும் மோசமா வந்தாலும், வராம இருக்கிறதை விட வர்றது மேல்.

இதே கணக்கை விளக்குற வீடியோ நம்ம சேனல்ல இருக்கு. வீட்டுல குறட்டை விடுறவங்களுக்கு அனுப்பி வைங்க. கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்லை, அனுப்புங்க.